பழைய மோட்டாரும் பாரப் படகும்: வேகம் பற்றிய விடைகளின் ஒரு மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்து வள்ளம், நாகப்பட்டினத்து ஃபைபர் படகு, முல்லைத்தீவுக் கரையில் ஏற்றிக் கிடக்கும் படகு என எதுவானாலும் சரி, பின்பலகையில் மாட்டிய மோட்டாருக்கு வயதாகத் தொடங்கியதும் ஒரே கேள்விதான் எழுகிறது. புதிது வாங்காமல் இதையே இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட வைக்க முடியுமா? மெக்கானிக் கார்பரேட்டரைக் காட்டுவார். படகு கட்டுபவர் அடிப்பகுதியைக் குறை சொல்வார். கடைக்காரர் அடுத்த குதிரைத்திறனுக்கு விலை சொல்வார். பக்கத்துப் படகுக்காரரோ விசிறியை மாற்றிப் பார்க்கச் சொல்வார். ஒவ்வொருவரும் ஓரளவு சரியாகவே சொல்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

இந்தக் கேள்வி அவுட்போர்டு மோட்டார் அளவுக்கே பழையது. ஓலே எவின்ரூட் 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் விற்கத் தொடங்கிய மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன்தான். துடுப்புப் படகுக்கு அது போதும் என்று கருதப்பட்டது. அன்று முதல் படகுகளின் எடையும் கூடியது, மோட்டார்களின் திறனும் கூடியது. இரண்டும் ஒரே வேகத்தில் கூடவில்லை. இங்கே எடுத்துக்கொள்ளும் படகு 25 முதல் 30 அடி நீளமுள்ளது. வலை, பனிக்கட்டி, ஆட்கள், பிடித்த மீன் எல்லாம் சேர்ந்து ஒன்றரை அல்லது இரண்டு டன் வரை எடை வரக்கூடியது. மோட்டார் 9.9 அல்லது 15 குதிரைத்திறன் உள்ள டூ ஸ்ட்ரோக். பெரும்பாலும் பெட்ரோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்படுவது.

விடைகளைத் தரம் பிரிக்க ஒரு வேறுபாடு உதவும். முன்பு இருந்து இப்போது தொலைந்த வேகத்தை மீட்பது ஒரு வேலை. அந்தப் படகில் என்றுமே இல்லாத வேகத்தை உண்டாக்குவது வேறு வேலை. கரையில் நடக்கும் வாதங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருபவை.

படகின் உடல் போடும் எல்லை

இதில் அசைக்க முடியாத அடித்தளத்தை இட்டவர் வில்லியம் ஃப்ரூட். இங்கிலாந்தின் டார்க்கி நகரில் 1872இல் அவர் அமைத்த சோதனைத் தொட்டியில், மாதிரிப் படகுகளை இழுத்து, நீர் அவற்றை எப்படித் தடுக்கிறது என்று அளந்தார். நீரை விலக்கிச் செல்லும் படகு தன் முன்னால் ஓர் அலையையும் பின்னால் ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக்கூட இந்த அலைகளுக்கு இடையிலான தூரம் நீள்கிறது. அந்தத் தூரம் படகின் நீளத்தை எட்டியதும், படகு தான் கிளப்பிய அலைப் பள்ளத்திலேயே உட்கார்ந்து, முன்னலையின் மேட்டில் ஏற முயல்கிறது. நீர்க்கோட்டில் அளந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். நீளத்தை அடியில் எடுக்க வேண்டும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். 26 அடி நீர்க்கோடு உள்ள படகுக்கு இது 7 நாட்டுக்குச் சற்றுக் குறைவு, மணிக்கு ஏறக்குறைய 12.6 கிலோமீட்டர்.

இதற்கு அருகில் வந்தபின் கூடுதல் வேகம் எவ்வளவு விலை கேட்கும்? தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும் என்பது மிதமான மதிப்பீடு. எல்லையை ஒட்டிய இடத்தில் அதைவிடச் செங்குத்தாக ஏறும். மூன்றாம் அடுக்கை மட்டும் வைத்தாலே 7 நாட்டிலிருந்து 8 நாட்டுக்குப் போக ஒன்றரை மடங்கு திறன் வேண்டும். 10 கடல் மைல் தூரத்துக்கு 7 நாட்டில் 86 நிமிடம், 8 நாட்டில் 75 நிமிடம். ஒன்றரை மடங்கு திறனுக்குக் கைக்கு வருவது 11 நிமிடம்.

ஃப்ரூட்டின் எல்லை சுவர் போன்றதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அது அகலமான, கனமான உடல்களுக்கே நன்றாகப் பொருந்தும். நீண்டு ஒடுங்கிய வள்ளம் சின்ன அலையையே எழுப்பும். அது இந்தக் கணக்கைத் தாண்டி ஓடக்கூடும். பின்பகுதி தட்டையான படகு, போதிய திறன் கிடைத்தால், நீரைப் பிளப்பதை விட்டு நீரின் மேல் சறுக்கத் தொடங்கும். அந்தச் சறுக்கலின் கணக்கை டேனியல் சாவிட்ஸ்கி 1964இல் வெளியிட்ட ஆய்வு ஒழுங்குபடுத்தியது. இன்றும் விசைப்படகு வடிவமைப்பாளர் கையில் இருப்பது அதுதான். அதற்கு முன்பே ஜார்ஜ் குரவுச் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் சுருக்கமான ஒரு சூத்திரம் தந்திருந்தார். சறுக்கும் படகின் வேகம், திறனை எடையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்றார்.

ஆனால் சறுக்கும் நிலைக்குப் போகும் வழியில் ஒரு மேடு உண்டு. அணியம் தூக்கி, பின்பகுதி அமிழ்ந்து, பின்னால் பெரிய அலை எழும்பி, மோட்டார் முக்கிக்கொண்டிருக்கும் நிலை அது. இரண்டு டன் படகை 9.9 குதிரைத்திறன் அந்த மேட்டைக் கடக்க வைப்பது நடைமுறையில் நடக்காது. மேட்டிலேயே நின்றுகொண்டு எரிபொருளைக் குடிக்கும் படகுகளை எந்தக் கரையிலும் காணலாம். அவற்றின் கைப்பிடியைச் சற்றுத் தளர்த்தினால் வேகம் அதிகம் குறையாது, செலவு நன்றாகக் குறையும்.

மோட்டாரைப் பிழிவது

பந்தயப் படகுகளிலிருந்து வந்த விடை இது. பல தயாரிப்புகளில் 9.9, 15 என்ற இரண்டு குதிரைத்திறன்களும் ஒரே சிலிண்டர் பிளாக்கிலிருந்தே வருகின்றன. கார்பரேட்டர், காற்று நுழையும் வழி, ரீட் வால்வு, புகைபோக்கி ஆகியவற்றில் ஏதாவதொன்றில்தான் வேறுபாடு இருக்கும். ஆகவே சிறியதைப் பெரியதாக்கும் ஆசை இயல்பானது. இலங்கையின் வடக்கில் போர்க்காலத்தில் மீனவர் வைத்திருக்கக்கூடிய மோட்டாரின் குதிரைத்திறனுக்கே கட்டுப்பாடு இருந்தது. அத்தகைய சூழலில் சிறு மோட்டாரிடம் கூடுதல் வேலை வாங்கும் ஆசையை யாரும் பழிக்க முடியாது.

ஆனால் பலனைக் கணக்கிட வேண்டும். 9.9ஐ 15 ஆக்குவது என்றால் ஒன்றரை மடங்கு. மேலே பார்த்தபடி, பாரப் படகில் அதன் மதிப்பு அதிகம் போனால் ஒரு நாட். அதற்காகத் தேய்ந்த பிஸ்டன் ரிங்கையும் பேரிங்கையும் கூடுதல் அழுத்தத்தில் ஓட்ட வேண்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் மோட்டாரில் ஆபத்து இன்னும் அதிகம். மண்ணெண்ணெயின் ஆக்டேன் அளவு குறைவு என்பதால்தான் அந்த மோட்டார்களின் கம்ப்ரஷனைத் தயாரிப்பாளரே குறைத்து வைத்திருக்கிறார். ஹெட்டைச் சீவி அதைக் கூட்டினால் எரிபொருள் வேளைக்கு முன்பே வெடித்து பிஸ்டன் ஓட்டையாகும். கரையிலிருந்து 15 கடல் மைல் தள்ளி அது நடந்தால் என்ன ஆகும் என்பதை மீனவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருக்கும் விடைகளில் பலவீனமானது இதுவே.

தொலைந்ததை மீட்பது

கவர்ச்சியில்லாத விடை இது. பலன் தருவதில் முன்வரிசையில் நிற்பது. பழைய மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை அது உண்மையில் தருகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். மிகப் பழைய மோட்டார்களில் அந்த எண்ணே சற்று ஊதப்பட்டது. 1980களின் நடுப்பகுதி வரை பல தயாரிப்பாளர்கள் கிராங்க் தண்டில் அளந்த திறனையே அறிவித்தார்கள்; கியரில் போகும் இழப்பைக் கழித்து விசிறித் தண்டில் அளப்பது பிறகு வந்த வழக்கம்.

சிலிண்டர்களின் கம்ப்ரஷன் ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் மற்ற வேலைகளுக்கு முன் அதைச் சரி செய்ய வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரில் பிளக்கில் கரி படிவது மட்டுமன்றி, புகை வெளியேறும் வழியும் கரியால் குறுகிவிடும். இம்பெல்லர் தேய்ந்து குளிர்நீர் குறைந்தால் சூட்டில் திறன் இறங்கும். கைப்பிடியை முழுதாகத் திருகியும், கேபிள் இழுபட்டுப் போனதால் கார்பரேட்டர் முழுதாகத் திறக்காமல் இருப்பது சிரிப்புக்குரிய குறைதான். ஆனாலும் அரிதானது அன்று.

அதிகம் கவனிக்கப்படாத ஒன்று விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் புஷ். விசிறி பாறையில் மோதினால் கியர் உடையாமலிருக்க வைத்த ஏற்பாடு அது. பழசானால் சுமை ஏறும்போது நழுவும். மோட்டார் அலறும், படகு நகராது. பெயின்ட் தூரிகையால் உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை நேராக ஒரு கோடு இழுத்துவிட்டு ஒரு பாடு போய் வந்தால் போதும். கோடு இரண்டாக விலகியிருந்தால், அத்தனை நாளும் மோட்டாரை நொந்துகொண்டது வீண்.

இந்த அணுகுமுறையின் எல்லையும் தெளிவானது. மோட்டார் புதிதாக இருந்தபோது ஓடிய வேகத்துக்கு மேல் இது ஒரு முழம்கூடத் தராது.

விசிறியின் வாதம்

விடைகளில் மிக வளமானதும் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இது. ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1836இல் காப்புரிமை பெற்ற திருகு வடிவ மர விசிறி, 1837இல் லண்டன் கால்வாய் ஒன்றில் ஓடும்போது பாதி உடைந்து போனது. படகு முன்னைவிட வேகமாக ஓடியது. சார்லஸ் பார்சன்ஸ் 1894இல் கட்டிய டர்பினியா கப்பலிலோ நேர்மாறான சிக்கல். எந்திரத்தில் திறன் ஏராளமாக இருந்தும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. மூன்று தண்டுகளில் ஒன்பது சிறு விசிறிகளை மாட்டிய பிறகே அது 34 நாட் ஓடியது. திறனை நீரிடம் ஒப்படைப்பது தனிக் கலை என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

விசிறியின் மீது பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று விட்டம். மற்றது பிட்ச், அதாவது நழுவாமல் சென்றால் ஒரு சுற்றில் விசிறி முன்னேற வேண்டிய தூரம். இரண்டும் அங்குலத்தில். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓட வேண்டிய மோட்டார், கியர் விகிதம் 2:1 என்று கொள்வோம். விசிறி நிமிடத்துக்கு 2500 முறை சுழலும். பிட்ச் 9 அங்குலமானால் கணக்குப்படி வேகம் 18.5 நாட். 7 அங்குலமானால் 14.4 நாட். இதைப் பார்த்துப் பெரிய பிட்ச் வாங்குபவர்கள் உண்டு. பாரப் படகில் அது தலைகீழாக வேலை செய்யும். நீர் தரும் எதிர்ப்பில் மோட்டார் 5000ஐ எட்டாது, 3800இலோ 4000இலோ திணறி நின்றுவிடும். அந்தச் சுற்றில் அதனால் தன் முழுத் திறனைத் தர முடியாது. பெயர் 9.9, வேலை ஏழோ எட்டோதான். மேலும், முழுதாகத் திறந்த நிலையில் குறைந்த சுற்றில் நெடுநேரம் திணறுவது கரியையும் சூட்டையும் கூட்டி மோட்டாரின் ஆயுளைக் குறைக்கும்.

பிட்ச்சைக் குறைத்தால் சுற்று ஏறும், திறன் முழுதாக வெளிப்படும், படகு வேகமாகப் போகும். கணக்கு வேகத்துக்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள இடைவெளியை நழுவல் என்பார்கள். இலகுவான சறுக்குப் படகில் அது பத்து முதல் இருபது விழுக்காடு. பாரப் படகில் பாதிக்குப் பாதிகூட இருக்கும். அது குறையன்று, அந்த வேலையின் இயல்பு.

எனவே பாரப் படகுக்குச் சிறிய பிட்ச், இயன்ற அளவு பெரிய விட்டம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. விட்டத்துக்கான காரணம் பொறியாளர் ரேங்கின் 1865இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வருகிறது. கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளுவதைவிட நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவது திறனை மிச்சப்படுத்தும். ஆனால் இந்த விதி பழைய சிறு மோட்டாரில் விரைவிலேயே முட்டிக்கொள்கிறது. விசிறிக்கு மேலுள்ள தகடு, கூடுதல் விட்டத்துக்கு இடம் கொடாது. கியர் விகிதம் ஆலையில் முடிவானது. பாரம் இழுப்பதற்கென்றே பெரிய கியர் பெட்டியும் அதிக விகிதமும் கொண்ட சிறு மோட்டார்கள் தனியாக விற்கப்படுகின்றன. கையிலிருப்பதை அப்படி மாற்றும் வழியில்லை.

இன்னொரு குறை, இந்த வாதத்தைச் சோதிக்காமலேயே நம்புவது. சுற்றுமானி இல்லாமல் விசிறி தேர்ந்தெடுப்பது குருட்டு வேலை. சுற்று ஏற்கெனவே தயாரிப்பாளர் சொன்ன எல்லையில் இருந்தால் பிட்ச்சைக் குறைப்பது தீமையே செய்யும். கரையேற்றும்போது மணலில் அடிபட்டு, இதழ் முனை சுருண்ட விசிறியை அப்படியே வைத்துக்கொண்டு பிட்ச் பற்றிப் பேசுவதிலும் பொருளில்லை.

எடை, சாய்வு, உயரம்

எடையைக் குறைக்கச் சொல்வது எளிது. வலையையும் பனிக்கட்டியையும் கரையில் விட்டுவிட்டு மீன்பிடிக்கப் போக முடியாது. ஆனால் யாருக்கும் பயனில்லாத எடையும் படகில் இருக்கிறது. 8 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள அடித்தளத்தில் ஒரு சென்டிமீட்டர் நீர் நின்றால் அது 120 கிலோ, அதாவது இரண்டு ஆட்கள். மிதப்புக்காக அடைத்த ஃபோம் ஆண்டுக்கணக்கில் நீர் உறிஞ்சியிருந்தால் அந்தக் கனம் கண்ணுக்கே தெரியாது. 2004 சுனாமிக்குப் பின் அவசரத்தில் கட்டிக் கொடுக்கப்பட்ட ஃபைபர் படகுகளை மதிப்பிடுவோர் இதையும் பார்ப்பது நல்லது.

அடிப்பகுதியின் தூய்மை இடத்துக்கு இடம் வேறுபடும். சோழமண்டலக் கரையில் நாள்தோறும் மணலில் ஏற்றப்படும் படகில் பாசி பிடிக்காது, கீறல்தான் விழும். பாக் நீரிணையிலும் துறைமுகங்களிலும் நீரிலேயே நிற்கும் படகின் கதை வேறு. பாசியும் சிப்பியும் ஒட்டினால், தடுப்பு வண்ணம் பூசாத நிலையில், எரிபொருள் செலவு ஒரு மாதத்தில் 7 விழுக்காடு வரையும் ஆறு மாதத்தில் 44 விழுக்காடு வரையும் கூடலாம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1999இல் வெளியிட்ட கையேடு சொல்கிறது.

மோட்டாரின் உயரம் செலவில்லாத திருத்தம். விசிறிக்கு மேலுள்ள தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும் என்பது தொடக்க விதி. அதைவிட ஆழமாக இருந்தால் கியர் பெட்டியே நீரை இழுக்கும்; மேலே இருந்தால் அலையில் காற்றை உறிஞ்சி விசிறி வெறுமனே சுழலும். சாய்வு ஊசியை ஒரு துளை மாற்றுவதும், எரிபொருள் கேனையும் பனிப்பெட்டியையும் சற்று முன்னுக்கு நகர்த்துவதும் அமிழ்ந்த பின்பகுதியைத் தூக்கும். அளவு மீறினால் அணியம் அலைக்குள் பாயும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் அது விளையாட்டன்று.

வேகம் எதற்கு?

மற்ற விடைகள் எல்லாம் கேள்வியை ஏற்றுக்கொண்டவை. கேள்வியையே மறுப்பவர்களும் இருக்கிறார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வலுப்பெற்றது இந்த நிலைப்பாடு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டத்தில் பணியாற்றிய நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஒய்விண்ட் குல்பிராண்ட்சன் இதன் முக்கியக் குரல். சிறு படகுகளில் எரிபொருளை மிச்சப்படுத்த அவர் எழுதிய கையேட்டை உணவு வேளாண்மை அமைப்பு 2012இல் வெளியிட்டது. மெதுவாகப் போவதே மலிவான சேமிப்பு என்பது இவர்கள் வாதம். மேலே கண்ட கணக்கையே திருப்பிப் போட்டால், 7 நாட்டிலிருந்து 6 நாட்டுக்கு இறங்கும் படகு 10 கடல் மைலுக்கு 14 நிமிடம் தாமதமாகும். அதே தூரத்துக்கு எரிபொருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும்.

கணக்கு சரிதான். ஆனால் இதைச் சொல்பவர்கள் ஏலத்தில் நிற்பவர்கள் அல்லர். முதலில் கரை சேரும் மீனுக்குக் கிடைக்கும் விலை, பத்தாவதாக வரும் மீனுக்குக் கிடைக்காத நாள்கள் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தபின் 14 நிமிடத்துக்கு வேறு மதிப்பு. மண்ணெண்ணெய் மானிய விலையில் கிடைக்கும் வரை சேமிப்பின் ஈர்ப்பும் குறைவு. மறுபக்கம், எல்லாரும் வேகம் கூட்டினால் முதலிடத்தின் பலன் எவருக்கும் நிலைக்காது. கேரளத்தில் பெரிய வளைவலை வள்ளங்கள் 40 குதிரைத்திறன் மோட்டார்களை ஒன்றுக்கு இரண்டு, மூன்றாக மாட்டும் நிலைக்குப் போனதில் இந்தப் போட்டிக்கும் பங்குண்டு. இந்த நிலைப்பாட்டை முழுதாக ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. போகும்போது மெதுவாகவும் மீனோடு திரும்பும்போது விரைவாகவும் ஓட்டுவது பலருக்கும் ஒத்துவரும் நடுவழியாகத் தோன்றுகிறது.

தீராமல் நிற்பவை

ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே குதிரைத்திறனுக்குக் கூடுதல் கனம்; அலை உடைக்கும் கரையில் நாள்தோறும் கழற்றித் தோளில் சுமக்கும் இடத்தில் பத்துக் கிலோ சின்னக் கணக்கன்று. மணல் நீரில் அதன் பராமரிப்புச் செலவையும் சேர்த்தால் எத்தனை ஆண்டில் விலை திரும்பும் என்பது படகுக்குப் படகு மாறும். விசிறியைச் சுற்றி வளையம் மாட்டும் முறையை 1930களில் லுட்விக் கோர்ட் உருவாக்கினார். மெதுவாக இழுக்கும் படகில் அது உந்துதலைக் கூட்டும். விரைந்து ஓடும் படகில் அதுவே தடையாகும். 7 நாட் ஓடும் நம் படகு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, வலை சிக்கும் சிக்கலையும் சேர்த்துப் பார்த்தால் தீர்ப்பு எளிதில்லை.

இப்போதைக்குச் சொல்லக்கூடியது ஒரு வரிசை மட்டும். நீரை இறைத்து, அடியைச் சுரண்டி, கம்ப்ரஷனும் கேபிளும் புஷ்ஷும் பார்த்து, மோட்டாரின் உயரத்தைச் சரிசெய்து, அதற்குப் பிறகே சுற்றுமானியை வைத்து விசிறியை மாற்ற வேண்டும். இவற்றால் தேய்ந்த படகு தன் பழைய வேகத்துக்குத் திரும்பும். தவறான விசிறியோடு ஓடியதானால் அதைத் தாண்டவும் கூடும். அதற்கு மேல் வேண்டுவோர் படகைத்தான் மாற்ற வேண்டும்.

மானியத்தில் மோட்டார் வழங்கும் அரசு ஒன்று செய்யலாம். பெட்டிக்குள் வரும் விசிறி எல்லாப் படகுக்கும் பொருந்தாது என்பது தெரிந்ததே. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற அமைப்புகளைக் கொண்டு, எந்த நீள வள்ளத்துக்கு, எந்தச் சுமைக்கு, எந்த விட்டமும் பிட்ச்சும் என்று நம் கடலில் அளந்து ஓர் அட்டவணை தயாரித்து, மோட்டாரோடு ஏற்ற விசிறியையும் சேர்த்துக் கொடுக்கலாம். மோட்டாரின் விலையில் அது ஒரு சிறு பங்குதான்.